பாக்கி வைத்துக் கிளம்பிய சொல்

ஒரு காரியத்தை முடிக்க, நிறுத்த, கைகழுவ ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ‘குவிட்’ மட்டும் கொஞ்சம் ரோஷக்காரச் சொல். புத்தாண்டு அன்று சிகரெட்டை விட்டு, பொங்கலுக்குள் மறுபடி பற்றவைக்கிறவர் நடுவில் செய்தது குவிட். சம்பள உயர்வு மூன்று சதவீதம் என்று கேட்டதும் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றி மேஜையில் வீசுகிறவர் செய்வதும் குவிட். 1942-ல் ஒரு சாம்ராஜ்யத்தைப் பார்த்து நாடே சொன்னதும் அதைத்தான். தோரணையைப் பார்த்தால் ஏதோ போர்க்களத்தில் பிறந்த சொல் என்று தோன்றும். ஜாதகத்தைப் புரட்டினால் மானம் போகிறது. அது வளர்ந்தது ஒரு வரிவசூல் கச்சேரியில். ஆதியில் அதற்கு ஓடுகிற வேலையே கிடையாது. பணத்தைக் கட்டி ரசீது வாங்குகிற வேலைதான்.

லத்தீனில் ‘க்வியேட்டஸ்’ என்றால் சலனமில்லாமல், நிம்மதியாக இருப்பது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மனிதனுக்கு எப்போது நிம்மதி? கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்காதபோது. எனவே கணக்கெழுதிய பாதிரிமார்கள், கடன் தீர்ந்தவனைக் குறிக்க அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஞானிகள் காடு மலையெல்லாம் அலைந்து தேடிய மன அமைதிக்கு, பேரேட்டில் பாக்கி பூஜ்யம் என்று குமாஸ்தா அர்த்தம் எழுதிவிட்டான். ஞானிகளைவிட அவன்தான் நிஜத்துக்குக் கிட்டே இருந்தான் என்பது என் கட்சி. லத்தீன் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் தேய்ந்து ‘க்வித்’ ஆயிற்று. 1066-ல் நார்மண்டிக்காரர்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது, குதிரை, கோட்டை, வரி ஆகியவற்றோடு இந்தச் சொல்லும் வந்து இறங்கியது. 1200 வாக்கில் ஆங்கிலத்தில் அது வினைச்சொல். பொருள்: கடனை அடை, பொறுப்பிலிருந்து விடுவி. யாரும் எங்கும் கிளம்பவில்லை.

தமிழனுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நம் ‘தீர்’ காலகாலமாக இதே வேலையைத்தான் பார்க்கிறது. அரிசி தீரும், கடன் தீரும், நிலத்துக்குத் தீர்வை கட்டுவோம், ரொம்பவும் கோபம் வந்தால் ஆளையே தீர்த்துக்கட்டுவோம். ஷேக்ஸ்பியரும் ஹாம்லெட்டின் வாயில் சாவுக்குப் பெயராக ‘க்வியேட்டஸ்’ என்பதையே வைத்தார். டென்மார்க் இளவரசன் தற்கொலையைப் பற்றித் தத்துவம் பேசும்போது கையில் எடுப்பது வரிவசூல்காரனின் ரசீதுச் சொல்.

அந்த ரசீது எப்படிக் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவட்டத்துக்கு ஒரு ஷெரீஃப். துப்பாக்கியும் நட்சத்திரமும் பிற்காலத்து ஹாலிவுட் சமாச்சாரம். அசல் ஷெரீஃப் ராஜாவுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் அதிகாரி. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசிக்கொள்வார். அதை ராஜாவுக்குக் கட்டிவிட்டால், அதற்கு மேல் குடியானவனிடமிருந்து கறந்ததெல்லாம் தன் வீட்டுக்கு. ஈஸ்டருக்கு ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் மிக்கேல் திருநாளுக்கு ஒரு முறை அவர் கருவூலத்துக்கு வந்தாக வேண்டும்.

அங்கே பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. மேலே கட்டம் போட்ட கறுப்புத் துணி. சதுரங்கப் பலகை போல இருந்ததால் துணிக்கு வந்த பெயர்தான் பிற்பாடு இலாகாவுக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’, அதாவது கட்டம் போட்ட மேஜைத்துணியின் மந்திரி. இந்தக் கச்சேரி நடவடிக்கை முழுவதையும் குரு சிஷ்ய உரையாடலாக எழுதி வைத்தவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற பொக்கிஷதாரர். அந்தப் பதவியை அவருக்கு ராஜாவிடம் விலைக்கு வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அப்பா, ஈலி நகரத்து பிஷப். பிஷப்புக்கு ஏது பிள்ளை என்று கேட்கக்கூடாது. அந்தக் காலத்தில் பிஷப்புகளுக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள், பிள்ளைகளுக்கு வேலையும் இருந்தது.

மேஜையின் ஒரு பக்கம் ஷெரீஃப், வியர்த்துக்கொண்டு. எதிரே பொக்கிஷதாரரும் எழுத்தர்களும். கட்டங்களில் வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிரபுவும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமே! ஷெரீஃப் கொண்டுவந்த வெள்ளிக் காசில் ஒரு பிடி எடுத்து உருக்கிப் பார்ப்பார்கள். கலப்படத்தால் எடை குறைந்தால் வித்தியாசம் ஷெரீஃப் தலையில். எல்லாம் சரியாக இருந்தால் ஆட்டுத்தோல் சுருளில் எழுத்தர் ‘எட் க்வியேட்டஸ் எஸ்ட்’ என்று எழுதுவார்: இவன் கணக்குத் தீர்ந்தது, நிம்மதி. ஒரு காசு குறைந்தாலும் ‘எட் டெபெட்’: இவன் இன்னும் பாக்கி. அந்தப் பாக்கி அடுத்த வருடச் சுருளில் ஏறும், அதற்கடுத்த வருடம் ஏறும், ஆள் செத்த பிறகும் ஏறும். பைப் ரோல் என்று பெயர் பெற்ற இந்தச் சுருள்களில் மிகப் பழையது 1130-ஐச் சேர்ந்தது. எழுதும் வழக்கத்தை நிறுத்தியது 1833-ல். எழுநூறு வருடம் ஓர் அரசாங்கம் யார் யார் பாக்கி என்று விடாமல் எழுதியிருக்கிறது. காதல் கடிதங்கள்கூட இவ்வளவு சிரத்தையாக எழுதப்பட்டதில்லை.

கட்டிய பணத்துக்கு ரசீது காகிதத்தில் இல்லை, குச்சியில். ஒரு குச்சியின் குறுக்கே வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனத்தில் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி. தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். மரத்தின் ரேகையைப் போலி செய்ய முடியாதல்லவா? நல்ல ஏற்பாடுதான். ஆனால் காகிதமும் வங்கியும் வந்த பிறகும் கருவூலம் குச்சியை விடவில்லை. 1782-ல் ஒருவழியாக ஒழிப்புச் சட்டம் போட்டார்கள். அதிலும் ஒரு கருணை: அந்தப் பதவிகளில் இருக்கிறவர்கள் விலகும் வரை அல்லது சாகும் வரை பொறுப்போம். அவர்களும் அவசரப்படவில்லை. 1826 வரை குச்சி வெட்டினார்கள்.

தீர்ந்த கணக்குகளின் குச்சிகள் வெஸ்ட்மின்ஸ்டரில் மலையாகக் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று அவற்றை எரித்துவிட முடிவு செய்தார்கள். அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம், குளிர்காலம் வேறு வருகிறது. அரசாங்க மூளைக்கு அப்படியெல்லாம் தோன்றாது என்று சார்லஸ் டிக்கன்ஸ் பிற்பாடு ஒரு மேடையில் கிழித்தார். பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த இரண்டு அடுப்புகளில் இரண்டு தொழிலாளிகள் காலையிலிருந்து குச்சிகளைத் திணித்தார்கள். மாலை நாலு மணிக்கு மேலே சபையைச் சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு, காவலுக்கு இருந்த ரைட் என்ற அம்மாள் சுவரில் தொங்கும் சித்திரத் திரைகளைக் காட்டினார். புகையில் ஒன்றும் தெரியவில்லை. தரை பூட்ஸைத் தாண்டிச் சுடுகிறதே என்று விருந்தினர் கேட்டார்கள். கேட்டதோடு சரி. ஆறு மணிக்கு மேல் பார்லிமெண்டே தீப்பந்தம். ஓவியர் டர்னர் ஓடிவந்து பார்த்துப் படமாக எழுதி வைத்தார். புதுக் கட்டடத்தை ஆறு வருடத்தில் முடிப்பதாகச் சொல்லி முப்பது வருடத்துக்கு இழுத்தார்கள். செலவு சுமார் 20 லட்சம் பவுண்டு. கணக்குத் தீர்ந்த குச்சிகள் இப்படியும் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டன.

சொல்லுக்குத் திரும்புவோம். க்வியேட்டஸ் வீட்டில் பிள்ளைகள் நிறைய. வாயைத் திறக்காத மூத்தவன் ‘குவையட்’. கணக்கு முழுதாக முடிந்தது என்பதில் வரும் ‘முழுதாக’வை மட்டும் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறவன் ‘குவைட்’. கோர்ட்டில் கைதியை விடுவிக்கும் வக்கீல் ‘அக்விட்’. பிரான்சு வழியாக வந்து வெட்கப்பட்டு மூலையில் நிற்கும் ‘காய்’கூட இந்த வீட்டுப் பெண்தான். 2022-ல் ஆபீஸ் போகிற இளைஞர்கள் ராஜினாமா செய்யாமலே வேலையை அளவோடு நிறுத்திக்கொள்வதற்கு ‘குவையட் குவிட்டிங்’ என்று பெயர் வைத்து உலகம் முழுக்க முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தார்கள். வேரைப் பார்த்தால் அண்ணன் தம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்ததற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது ‘குவிட் ரெண்ட்’. பண்ணையாரின் நிலத்தில் குடியிருப்பவன் அவருக்கு ஏர் உழ வேண்டும், அறுவடைக்குப் போக வேண்டும், சண்டை வந்தால் ஈட்டி தூக்க வேண்டும். இதெல்லாம் வேண்டாம் சாமி, வருடத்துக்கு இவ்வளவு தருகிறேன், ஆளை விடும் என்று பேசி முடித்த தொகைதான் குவிட் ரெண்ட். பல இடங்களில் அது காசாகவும் இல்லை, ஒரு அடையாளப் பொருள்தான்.

லண்டனில் இன்றும் அது நடக்கிறது. முடிசூட்டு விழாவை விட்டால் அந்த நாட்டில் நடக்கும் மிகப் பழைய சட்டச் சடங்கு இதுதான் என்கிறார்கள். ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கும் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில், இலையுதிர் காலத்தில் ஒரு நாள், நீதிபதி ஆசனத்தில் ராஜாவின் ‘ஞாபகப்படுத்துபவர்’ வந்து அமர்வார். ஆமாம், பதவியின் பெயரே அதுதான். ராஜாவுக்கு யார் யார் பாக்கி என்பதை ஞாபகப்படுத்துவதற்காக 1154-ல் உண்டாக்கிய உத்தியோகம். தோள்வரை தொங்கும் டோப்பா, அதன் மேல் முக்கோணத் தொப்பி. ஷ்ராப்ஷையரில் ‘தி மூர்ஸ்’ என்ற தரிசு நிலத்தை அனுபவிப்பவர்கள் வந்து கடமையைச் செய்யலாம் என்று கூப்பிடுவார்கள். லண்டன் நகரத்து வக்கீல் எழுந்து போவார். 1211 முதல் இந்த நிலத்துக்கு வாடகை இரண்டு கத்தி: ஒன்று மழுங்கியது, ஒன்று கூர்மையானது. பரீட்சை வேறு உண்டு. ஒரு முழ நீளக் குச்சியை மழுங்கிய வெட்டுக்கத்தியால் வெட்டிக் காட்ட வேண்டும். வெறும் வடு விழும், குச்சி உடையாது. பிறகு கூர்மையான கத்தியின் இடத்தில் இருக்கும் கோடாலியால் ஒரு போடு, இரண்டு துண்டு. ஞாபகக்காரர் திருப்தியாகத் தலையாட்டுவார். கருவூலக் குச்சியில் வடு போட ஒன்று, பிளக்க ஒன்று என்று இரண்டு கத்தி வந்ததாக ஒரு விளக்கம் சொல்வார்கள். நிலம் சரியாக எது என்பது அதற்கு வாடகை கட்டுகிறவர்களுக்கே மறந்து வெகுகாலம் ஆயிற்று.

அடுத்த வாடகை ஒரு கொல்லன் பட்டறைக்கு. 1235-ல் வால்டர் என்ற லாடக்காரன் ஸ்ட்ராண்ட் பக்கத்தில் பட்டறை போட இடம் வாங்கினான். வாடகை ஆறு லாடம், 61 ஆணி. லாடத்துக்குப் பத்து வீதம் அறுபது, கொசுறு ஒன்று. பட்டறை மண்ணோடு மண்ணாகிப் பல நூற்றாண்டு ஆகியும் வாடகை நிற்கவில்லை. நகரத்து வக்கீல் லாடங்களையும் ஆணிகளையும் கணீர் கணீர் என்று எண்ணி வைப்பார். எண்ணிக்கை சரி என்று ஞாபகக்காரர் அறிவிப்பார். சபை கலையும். இதில் சூட்சுமம் என்னவென்றால், கட்டிய லாடங்களை ராஜாவின் தரப்பு பத்திரமாக வைத்திருந்து அடுத்த வருடம் மறுபடி கட்டுவதற்குக் கொடுத்துவிடும். பல நூற்றாண்டாக அதே ஆறு லாடம் சுற்றிச் சுற்றி வருகிறது. தீபாவளிக்கு ஒரு வீட்டில் கொடுத்த சோன்பப்டி டப்பா தெருவெல்லாம் சுற்றி அதே வீட்டுக்குத் திரும்புவது நமக்குத் தெரிந்ததுதான். நூற்றாண்டுக் கணக்கில் திரும்பிக்கொண்டே இருப்பது அங்கே மட்டும்தான்.

உள்ளூரில் இவ்வளவு நாணயமாக இருந்த சொல் கப்பலேறியதும் கெட்டது. அதற்கு முன்பே அறிகுறி தெரிந்தது. 1400 வாக்கில் ‘குவிட்’டுக்கு ‘இடத்தைவிட்டுப் போ’ என்ற பொருள் வந்துவிட்டது. தர்க்கம் சரிதான்: கணக்குத் தீர்ந்தால் நீ சுதந்திரம், சுதந்திரம் என்றால் போகலாம். 1640-கள் வாக்கில் ‘செய்துகொண்டிருப்பதை நிறுத்து’ என்ற பொருளும் சேர்ந்தது. கணக்குத் தீர்த்துவிட்டுப் போவது என்று ஆரம்பித்த சொல்லில் மெல்ல மெல்ல ‘போவது’ மட்டும் மிஞ்சியது. தமிழில் இதற்குக் கம்பி நீட்டுவது என்று பெயர்.

இரண்டாம் சார்லஸ் ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். அட்மிரல் பென் என்பவருக்கு அவர் கொடுக்க வேண்டிய பாக்கி 16,000 பவுண்டு. கையில் காசில்லை. அட்மிரலின் மகன் வில்லியம் பென்னைக் கூப்பிட்டு, 1681-ல் அமெரிக்காவில் ஒரு காட்டுப் பிரதேசத்தை எழுதிக் கொடுத்துக் கடனைத் தீர்த்தார். அந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ராஜா தன் பங்குக்குக் கேட்ட வாடகை வருடத்துக்கு இரண்டு பீவர் தோல், வின்ட்சர் கோட்டையில் டெலிவரி. பென் ‘சில்வேனியா’ என்று பெயர் வைக்கச் சொன்னார். ராஜா முன்னால் ‘பென்’ சேர்த்தார். தற்பெருமை என்று ஊர் பேசுமே என்று பயந்த பென், பெயரை மாற்றச் சொல்லி அதிகாரிக்கு இருபது கினி நீட்டியும் பார்த்தார். நடக்கவில்லை. லஞ்சம் கொடுத்தும் காரியம் ஆகாத அலுவலகம் என்று அதைச் சரித்திரத்தில் குறித்து வைக்கலாம்.

பென் குடியேறியவர்களிடம் நூறு ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் குவிட் ரெண்ட் கேட்டார். அதையும் கட்டாமல் மக்கள் டபாய்த்தார்கள். 1708-ல் ஒரு நாட்டுக்கே சொந்தக்காரர் லண்டனில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அதே பென்சில்வேனியாவில், 1772-ல், ஸ்டீகல் என்ற கண்ணாடித் தொழிற்சாலைக்காரர் ஒரு தேவாலயத்துக்கு நிலம் கொடுத்து, வாடகையாக ஜூன் மாதத்தில் ஒரு சிவப்பு ரோஜா போதும் என்றார். மென்மையான மனிதர். இரண்டே வருடத்தில் அவரும் கடனாளிச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசியில் 1779-ல் புரட்சிக்காரர்கள் பென் வாரிசுகளுக்கு 1,30,000 பவுண்டு தருவதாகச் சட்டம் போட்டுக் குவிட் ரெண்டுக்கு மங்களம் பாடினார்கள். பழைய அர்த்தத்தில் ஒழுங்காக குவிட் ஆனவர்கள் அவர்கள்.

அதே இரண்டாம் சார்லஸ்தான் பம்பாய்க்கும் பொறுப்பு. போர்த்துக்கீசிய இளவரசியைக் கட்டிக்கொண்டபோது சீதனமாக வந்த தீவு. காவலுக்கும் கோட்டைக்கும் செலவு கையைக் கடித்தது. 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தலையில் கட்டினார். வாடகை வருடத்துக்குப் பத்து பவுண்டு, தங்கத்தில், செப்டம்பர் 30-க்குள். கம்பெனி அந்தச் சமயத்தில் அவருக்கு 50,000 பவுண்டு கடனும் கொடுத்தது, ஆறு சதவீத வட்டிக்கு. பத்து பவுண்டு வாடகையை ராஜா வாங்குவார், வருடத்துக்கு மூவாயிரம் பவுண்டு வட்டியைக் கம்பெனி வாங்கும். யார் யாருக்குக் குடித்தனக்காரர் என்பது விளங்குகிறதா?

சென்னையில் கம்பெனி குடித்தனக்காரனாக இருந்தது. 1672-ல் கோல்கொண்டாவோடு பேசி வருடத்துக்கு 1,200 வராகன் என்று முடித்தார்கள். எண்பது வருடம் கழித்து, 1752-ல், ஆற்காட்டு நவாப் முகமது அலி அந்த வாடகையைத் தள்ளுபடி செய்தார். மகானுபாவர். பதிலுக்குக் கம்பெனி ஆட்கள் அவருக்குக் கடன் கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நவாப் செத்து, வம்சத்தின் ஆட்சியும் போன பிறகு, 1805-ல் கடன் பத்திரங்களைச் சரிபார்க்க ஒரு கமிஷன் உட்கார்ந்தது. எங்களுக்கு நவாப் பாக்கி என்று மூன்று கோடி பவுண்டுக்கு மேல் பத்திரங்கள் வந்து விழுந்தன. செல்லும் என்று ஏற்றது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் கப்சா. இதைக் கண்டுபிடிக்க 25 வருடம்.

பிறகு குடித்தனக்காரனே பண்ணையார் ஆனான். 1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் வந்தது. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பண்டிதருக்கும் நாவிதருக்கும் ராஜாக்கள் விட்டுப்போன மானிய நிலங்களுக்கு, குவிட் ரெண்ட் கட்டு, பட்டயம் தருகிறேன், அப்புறம் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று பேரம். ஜோடி என்று பழைய நிலப் பத்திரங்களில் பார்க்கலாமே, அது ஏறக்குறைய இதுதான். ராஜா சும்மா கொடுத்ததற்கு, ராஜாவின் நிலத்தைப் பிடித்தவனுக்கு வாடகை. மலேசியாவில் நிலம் வைத்திருக்கும் நம் ஆட்கள் ஆண்டுதோறும் கட்டும் நிலவரிக்கு ஆங்கிலத்தில் இன்றும் குவிட் ரெண்ட் என்றே பெயர்.

இப்போது 1942. பத்து பவுண்டு வாடகைக்குப் போன அதே பம்பாய். வெள்ளைக்காரனைப் போகச் சொல்ல காந்திக்கு ஒரு கோஷம் தேவைப்பட்டது. யாரோ ‘கெட் அவுட்’ என்றார்களாம். மரியாதையில்லை என்று காந்தி தள்ளினாராம். ராஜாஜி பெயரில்கூட ஒரு யோசனை உலவுகிறது, பின்வாங்குதல் என்ற மாதிரி ஒன்று. மேயராக இருந்த யூசுஃப் மெஹரலி ‘குவிட் இந்தியா’ என்று பொறித்த வில் ஒன்றைப் பரிசளிக்க, காந்தி ஆமென் சொன்னார் என்று கதை முடியும். சைமன் கமிஷனைத் திரும்பிப் போகச் சொன்ன கோஷமும் மெஹரலியின் பெயரில்தான் இருக்கிறது. ஆளுக்கு அது கைவந்த கலை. ராஜாஜி இந்தப் போராட்டமே வேண்டாம் என்று ஜூலையிலேயே காங்கிரஸிலிருந்து விலகினார். குவிட் இந்தியாவுக்கு முன்னால் குவிட் காங்கிரஸ். ஆகஸ்ட் 8 இரவு கொவாலியா குளத்து மைதானத்தில் தீர்மானம், 9-ஆம் தேதி விடிவதற்குள் காந்தியும் தலைவர்களும் கைது. போகச் சொன்னவர்களை உள்ளே கொண்டுபோனார்கள்.

தமிழில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்றார்கள். மோனை அருமை. ஆனால் கோஷத்தில் கணக்கு விஷயம் காணாமல் போனது, அப்போதுதான் கணக்கு பயங்கரமாக ஏறிக்கொண்டிருந்தது. உலகப்போருக்கு முன் இந்தியாதான் பிரிட்டனுக்குக் கடனாளி. போர்க்காலத்தில் பிரிட்டன் இங்கிருந்து துணியும் தானியமும் தளவாடமும் ஆட்களும் எடுத்துக்கொண்டு, விலையை லண்டனில் இந்தியாவின் பேரில் வரவு எழுதிக்கொண்டே போனது. இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். விலைவாசி ஏறியது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். இந்த இடத்தில் நக்கலுக்கு வேலை இல்லை.

போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. ஜப்பானிடமிருந்து உங்களைக் காப்பாற்றினோமே, அதற்குப் பில் போடுவோம் என்பது சர்ச்சிலின் வாதம். 1947 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, கொடி இறங்குவதற்கு முந்தின நாள், ஓர் இடைக்கால ஒப்பந்தம். பணம் இரண்டு கணக்காகப் பிரிந்தது. முதல் கணக்கில் கொஞ்சம், அதைச் செலவு செய்யலாம். இரண்டாவதில் பெரும்பகுதி, அதைத் தொடக்கூடாது. குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்தார். அட்வான்ஸ் பேச்சை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

‘குவிட் இந்தியா’வை எதிர்த்த ராஜாஜி, கடைசி வெள்ளைக்கார கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் கிளம்பியதும் 1948 ஜூனில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதே கோடையில் பாக்கி பேச லண்டன் போன குழுவுக்குத் தலைவர் இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஜூலையில் ஒப்பந்தம். பிரிட்டிஷ் ராணுவம் இங்கே போட்டுவிட்டுப் போன தளவாடங்களையும் கட்டடங்களையும் இந்தியா விலைக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவானது. விலை 10 கோடி பவுண்டு, பாக்கியில் கழிவு. இங்கே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கும் இந்தியாவே மொத்தமாக ஏற்பாடு செய்தது. சுமார் 16.8 கோடி பவுண்டு, அதுவும் பாக்கியில் கழிவு.

ஆக, பழைய அர்த்தத்தில் அந்த விவகாரத்தில் குவிட் ஆனது, போனவர்களின் பென்ஷனையும் தன் காசிலிருந்தே முன்கூட்டிக் கட்டிய இந்தியாதான். ஒப்பந்தத்தை முடித்துத் திரும்பிய சண்முகம் செட்டியார், அடுத்த மாதமே, வேறொரு சர்ச்சையில், நிதியமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். அது புது அர்த்தத்தில்.